சாதியற்றோர் குழுவின் இசைத்தொகுதி



பூதிகோட்டை என்னும் ஊர் கோலார் மாவட்டத்துப் பங்காருப்பேட்டை வட்டத்தில் உள்ளது. ஹைதர் அலி பிறந்த ஊர் என்று வரலாற்று நூல்கள் அதற்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டு மேலே சென்றுவிடுகின்றன. அதற்கு அண்மையிலேயே தங்கவயல். கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே சந்தையில் விலை பேசிக்கொள்ளும் வட்டாரம் அது. இந்த வட்டாரத்துக்கும், 2018-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய ஓர் இளைஞர் இசைக்குழுவுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு அக்குழுவின் பெயரில் இருக்கிறது. ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்பது அதன் பெயர். தமிழில் சொன்னால் சாதியற்றோர் குழு. அந்தச் சொல்லைக் காத்து வளர்த்த ஊர்களில் கோலார் தங்கவயல் ஒன்று. அவர்கள் வெளியிட்ட ‘மகிழ்ச்சி’ என்னும் இசைத்தொகுதியையும், அதன் பின்னே நிற்கும் நீண்ட வழியையும் பற்றி இன்று நாம் சிறிது பேசுவோம்.

முதலில் ‘ஆல்பம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடப் பாட்டுக்குத்தான் இடமிருந்தது. நீண்ட இசையைப் பல தட்டுகளில் பிரித்துப் பதிந்து, அத்தட்டுகளைக் காகித உறைகளில் இட்டு, உறைகளைப் புத்தகம் போலக் கட்டி விற்றார்கள். பார்ப்பதற்குப் புகைப்படம் ஒட்டும் ஆல்பத்தைப் போல இருந்தமையால் அதற்கும் அப்பெயரே வந்தது. 1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் தட்டைக் கொண்டுவந்தபின், பல தட்டுகளுக்குத் தேவையில்லாமற் போயிற்று. பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்று தட்டும் இல்லை, உறையும் இல்லை. கைப்பேசியில் கேட்கும் பாட்டுகளின் வரிசையையும் ஆல்பம் என்றே சொல்கிறோம்.

மேடையில் நடந்த கச்சேரியைப் பதிந்து வெளியிடுவது ஒருவகை. ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து, பாட்டைப் பகுதி பகுதியாக உருவாக்கி வெளியிடுவது மற்றொரு வகை. இரண்டாவது வகையில் கூடத்தின் சுவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வெளியோசை உள்ளே வரக்கூடாது என்பதற்காகவே கட்டப்பட்ட சுவர்கள் அவை. வண்டிச் சத்தமும் காக்கைக் கரைதலும் மட்டுமா வெளியே நின்றன? சில மனிதர்களும் அவர்களுடைய வாத்தியங்களும் அந்தச் சுவர்களுக்கு வெளியே நெடுங்காலம் நின்றுகொண்டிருந்தார்கள்.

இந்தியாவில் இசைத்தட்டு வந்த கதையில் ஒரு சிறு செய்தி உண்டு. 1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காக கௌஹர் ஜான் என்னும் பெண்மணி பாடினார். பாட்டு முடியும் இடத்தில், தம் பெயர் கௌஹர் ஜான் என்று ஆங்கிலத்தில் உரக்க அறிவித்தார். தட்டு அச்சாகும் இடமோ ஜெர்மனியில் இருந்தது. அங்கிருந்தோர் எந்தத் தட்டில் எந்தப் பெயரை ஒட்டுவது என்று தடுமாறாதிருக்க இந்த ஏற்பாடு. இந்த வழக்கத்தைப் பார்க்கும்போது, ‘பதிவு’ என்னும் நம் தமிழ்ச் சொல்லின் இரண்டு பொருள்களும் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன. ஒலியைப் பதிவதும் பதிவு. பெயரை ஏட்டில் பதிவதும் பதிவு. பாடியவர் எந்தப் பெயரால் பதியப்படுகிறார் என்பது சிறிய செய்தியன்று.

கூடத்துக்குள் யார் வரலாம் என்று தீர்மானித்ததில் வானொலிக்கும் பங்கு உண்டு; நம் வீட்டைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வது முறை. 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்துக்கு அகில இந்திய வானொலியில் இடமில்லாதிருந்தது. 1952-இல் திரைப்பாடல்களும் விலக்கப்பட்டன. மக்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். 1957-இல் விவித பாரதி தொடங்கப்பட்ட பிறகே அவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். ஹார்மோனியத்துக்கே இந்தக் கதி என்றால், சாவு வீட்டில் அடிக்கும் சட்டிக்கும் பறைக்கும் என்ன கதி இருந்திருக்கும் என்பதை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டி என்று சொன்னோம். வடசென்னையை அறியாத நேயர்களுக்காக அதைச் சற்று விளக்க வேண்டும். சட்டி போன்ற வயிற்றின் மேல் தோலை இழுத்துக் கட்டி, குச்சிகளால் அடிக்கும் வாத்தியம் அது. கானாப் பாட்டுக்குத் துணை நிற்பது. கானா என்பது வடசென்னையின் துறைமுகத் தொழிலாளர், மீனவர், ரிக்‌ஷா இழுத்தோர், துப்புரவுப் பணியாளர் வாழ்ந்த தெருக்களில் வளர்ந்த பாட்டு. அப்பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பலர் பலவாறு காரணம் சொல்வார்கள். அந்த வாதத்துள் நாம் நுழையவேண்டாம். ஒருவர் இறந்துவிட்டால் இரவு முழுதும் உடலருகே விழித்திருக்க வேண்டும். வீட்டுக்குள் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். வெளியே பந்தலின்கீழ் ஆண்கள் கானா பாடுவார்கள். இறந்தவர் பெயர், அவர் செய்த தொழில், அவர் பட்ட கடன், அவர் செய்த வேடிக்கை எல்லாம் அப்பாட்டில் வரும். நிலையாமையைச் சொல்லிக்கொண்டே பாடகர் நடுவில் ஒரு நகைச்சுவையை நுழைப்பார், அழுதுகொண்டிருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். எழுதிவைத்த பாட்டும் உண்டு. அந்த இடத்திலேயே கட்டிய பாட்டும் உண்டு.

இப்பாட்டைத் திரைப்படம் கண்டுகொண்டது. 1990-களில் தேவா தம் படப் பாடல்களில் கானா மெட்டை ஊரெங்கும் பரப்பினார். 2012-இல் வெளிவந்த ‘அட்டகத்தி’ படத்தில் கானா பாலாவின் குரல் தமிழ்நாட்டுக்கு நன்கு அறிமுகமாயிற்று. அப்படத்துக்கு இசை சந்தோஷ் நாராயணன், இயக்கம் பா. இரஞ்சித். திரைப்படம் செய்த நன்மையை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் திரைப்படத்தில் பாட்டுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருக்கும். நாயகன் ஆடவேண்டும், கதை நகரவேண்டும், அரங்கில் விசில் எழவேண்டும். பாடுபவர் தம் சொந்தப் பேச்சைப் பேச அங்கே நேரமில்லை.

இந்த நிலையில்தான் 2017-இல் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், டென்மா என்னும் இசைக்கலைஞரின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து இக்குழுவை அமைத்தன. கானாப் பாடகர்கள், சட்டி அடிப்போர், பறை கொட்டுவோர், சந்தத்தில் வேகமாகப் பேசும் ‘ராப்’ பாடகர்கள், கிதார் வாசிப்போர், மேல்நாட்டு டிரம் வாசிப்போர் என்று 19 பேர். அவர்களில் ஒரே பெண் இசைவாணி. தனிப் பாடகரும் பக்கவாத்தியமும் என்னும் ஏற்பாடு நமக்குப் பழகியது. பலர் சேர்ந்து ‘நாங்கள்’ என்று பாடும் குழு, திரைக்கு வெளியே, தமிழில் அவ்வளவாகப் பழகியதன்று. பஜனை கோஷ்டியையும் கட்சி மேடைக் கலைக்குழுக்களையும் விட்டுவிட்டால் உதாரணம் தேடவேண்டியிருக்கும்.

இனிப் பெயருக்கு வருவோம். இதில்தான் தங்கவயல் வருகிறது.

அயோத்திதாசப் பண்டிதர் 1845-இல் சென்னையில் பிறந்தவர், சித்த மருத்துவர், பல மொழி கற்றவர். குடிமதிப்புக் கணக்கெடுப்பில் தம் மக்கள் எப்பெயரால் பதியப்படவேண்டும் என்பது அவரை வாட்டிய கேள்வி. பிறர் சுமத்திய இழிபெயரை அரசாங்க ஏட்டிலும் ஏற்றிக்கொள்வதா? அவர் தம் மக்களைப் பூர்வத் தமிழர் என்றும், சாதிபேதம் அற்றவர் என்றும் பதியச் சொன்னார். 1898-இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் இதழின் பெயர் ‘தமிழன்’ என்று சுருங்கியது. 1914-இல் அவர் மறையும் வரை அதை நடத்தினார். ‘சாதி இல்லாத தமிழர்’ என்னும் அவருடைய வழக்கையே இசைக்குழு தன் பெயராக எடுத்துக்கொண்டது.

இந்தச் சங்கத்துக்கும் இதழுக்கும் பெருந்துணை எங்கிருந்து வந்தது? கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனி 1880-இல் அங்கே சுரங்க வேலையை மேற்கொண்டது. வடஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே சென்றன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊரில் சேரிக்கு ஒதுக்கப்பட்டவர்கள். சுரங்கத்துள் இறங்குவது எளிய வேலையன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பின்னாளில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. அங்கே பாறையே சுட்டது. சிலபோது அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்து ஆட்களை மூடியது. எனினும் மாதம் பிறந்தால் கூலி நாணயமாகக் கைக்கு வந்தது. பண்ணையாரின் முற்றத்தில் தலைகுனிந்து நின்று நெல் அளந்து வாங்கவேண்டியதில்லை. அந்த நாணயத்தில் ஒரு பகுதி பள்ளியாயிற்று, ஒரு பகுதி பௌத்த சங்கமாயிற்று, ஒரு பகுதி அச்சுக்கூடமாயிற்று.

மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இயங்கியது. அயோத்திதாசரின் நூல்களைத் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டு வெளியிட்டது. அவர் மறைந்தபின் நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1920-களின் பிற்பகுதியில் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையார் மீண்டும் நடத்தினார். சென்னையில் பிறந்த ஒரு கருத்து, சுரங்கத் தொழிலாளியின் கூலிப் பணத்தில் காகிதமும் மையும் பெற்றுப் பிழைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது. 1930-இல் அதே தொழிலாளர், தங்கள் கைரேகையைக் கம்பெனி கட்டாயமாகப் பதிவதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். குற்றவாளியின் விரலைப் பதிவதுபோல் எங்கள் விரலைப் பதிவதா என்பது அவர்கள் உள்ளத்தில் இருந்த கொதிப்பு. பதிவு என்னும் சொல் அவர்களுக்கு எவ்வளவு கனமாக இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

இத்தனை சுமையையும் ஓர் இசைக்குழுவின் பெயர் தாங்குமா என்று சிலர் ஐயுறலாம். நமக்கும் முதலில் அந்த ஐயம் எழாமல் இல்லை. பெயர் பெரிதாகவும் பாட்டு சிறிதாகவும் இருக்கும் குழுக்கள் உலகில் பல. ஆகவே பாட்டையே கேட்டுப் பார்ப்போம்.

அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்கள் ஒளிவுமறைவு இல்லாதவை. இடஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு. மாட்டிறைச்சி உண்பதைப் பற்றி ஒரு பாட்டு. அம்பேத்கரைப் போற்றி ஒரு பாட்டு. வடசென்னையைப் பற்றி ஒரு பாட்டு. துண்டறிக்கையில் எழுதவேண்டியதைப் பாட்டில் எழுதியிருக்கிறார்கள் என்று சிலர் முகம் சுளித்தார்கள். அந்தக் குறையில் சிறிது உண்மை உண்டு. சில அடிகள் மேடை முழக்கமாகவே நிற்கின்றன. ஆனால் கானா எப்போதுமே வாதாடும் பாட்டு. சாவு வீட்டிலேயே கடன்காரனைக் கேலி செய்யத் துணிந்த பாட்டு, கல்லூரிச் சேர்க்கையைப் பற்றிப் பேசத் தயங்குமா? இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும்போது அவர்கள் குரலில் கெஞ்சல் இல்லை, சினமும் அளவோடுதான் இருக்கிறது; கேலிதான் முன்னே நிற்கிறது. அந்தக் கேலி, பந்தலின்கீழ் பாடிய பாட்டனாரின் சொத்து.

ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் கானா வரும்போது என்ன நேர்கிறது என்பதே இத்தொகுதியில் நாம் கூர்ந்து கேட்கவேண்டிய செய்தி. கானாப் பாடகர் பெரும்பாலும் தொடக்க அடிகளைத் தாளமில்லாமல் இழுத்துப் பாடுவார். எவ்வளவு இழுப்பது என்பது அவர் மூச்சுக்கும் கேட்போர் முகத்துக்கும் உட்பட்டது. பின்பு சட்டி விழும். பாட்டு ஓடத் தொடங்கும். இக்காலத்துக் கூடங்களிலோ வழக்கம் வேறு. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பதிவார்கள். பாடுவோர் காதில் ஒரு கருவி ஓயாமல் ‘டிக், டிக்’ என்று காலம் காட்டிக்கொண்டே இருக்கும். எதிரே கேட்போர் எவரும் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பொறியாளர் மட்டும் இருப்பார். பறைக்கு இன்னொரு தொல்லை உண்டு. பறையின் தோலைத் தீயில் காய்ச்சினால்தான் அது விறைத்து, தெறித்து ஒலிக்கும். தெருவில் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவார்கள். குளிரூட்டிய கூடத்தில் தீ மூட்ட எவர் இசைவார்? தோல் தளர்ந்தால் ஒலியும் தளரும். இவையெல்லாம் சிறிய செய்திகள்போலத் தோன்றும். ஆயினும் ஒரு கலை கூடத்துக்குள் வரும்போது இத்தகைய சிறிய செய்திகளில்தான் அது பிழைக்கிறது அல்லது சாகிறது.

நம் காதுக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறோம். மின் கிதாரும் டிரம்மும் முழு வேகத்தில் எழும் இடங்களில் சட்டியின் ஒலி அமுங்கிவிடுகிறது. அங்கே கேட்பது உலகின் எந்த நகரத்திலும் கேட்கக்கூடிய ராக் இசை. பாட்டு மட்டும் தமிழ். கிதார் ஒதுங்கி நின்று ஒரே மெல்லிய அடியைத் திரும்பத் திரும்பக் கொடுக்க, அதன்மேல் சட்டி நடக்கும் இடங்களில்தான் இத்தொகுதி தன் உயரத்தை எட்டுகிறது. குரல்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மேல்நாட்டுப் பாட்டுக் குழுக்களில் நால்வர் பாடினால் நால்வரும் நான்கு சுரங்களில் நின்று, ஒன்றையொன்று தழுவும்படி பாடுவார்கள். அதில் ஒரு மெருகு உண்டு. இவர்கள் அவ்வாறு செய்யவில்லை. ஒருவர் முன்னே செல்கிறார். மற்றவர் ஒரே சுரத்தில் சேர்ந்து பின்பாட்டுப் பாடுகிறார்கள். நடவு வயலிலும் பாரம் தூக்கும் துறையிலும் கேட்கும் முறை இது. பத்துக் குரல்கள் ஒரே சுரத்தில் சேர்ந்தாலும், ஒவ்வொன்றின் கரகரப்பும் தனியே தெரிகிறது. ஒலிப்பொறியாளர் அதை மெழுகித் துடைக்காமல் விட்டது நல்ல காரியம்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. 1871-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்திலிருந்து ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் என்னும் குழு புறப்பட்டது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளுமான மாணவர்கள் அதில் பாடினார்கள். நலிந்திருந்த தங்கள் கல்லூரிக்குப் பணம் சேர்க்கப் புறப்பட்டவர்கள் அவர்கள். பருத்தி வயல்களிலும் இரவு வழிபாட்டிலும் பாடிய பாட்டுகளைக் கச்சேரி மேடைக்கு ஏற்றவாறு நான்கு குரல்களாக ஒழுங்குசெய்து பாடினார்கள். ஐரோப்பா வரை சென்றார்கள். சேர்த்த பணத்தில் கல்லூரிக்குக் கட்டடம் எழுந்தது. 1909-இல் அக்கல்லூரியின் நால்வர் குழு இசைத்தட்டிலும் பாடியது. அந்த ஒழுங்கினால் பாட்டின் பழைய முரட்டுத்தனம் போய்விட்டது என்று குறைகூறியோர் உண்டு. ஒழுங்கு செய்யாதிருந்தால் அப்பாட்டுகளில் பல உலகத்தின் செவிக்கே எட்டியிரா என்று மறுத்தோரும் உண்டு. இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. சென்னைக் குழுவும் அதே வாசலில்தான் நின்றது. அது மெருகுக்கு இசையாமல் கூடத்துக்குள் போக முயன்றது. பாதிக்கு மேல் வென்றது என்பது நம் கணிப்பு.

இசைவாணியைத் தனியே குறிப்பிடவேண்டும். ஒப்பாரி பெண்ணுக்கு, கானா ஆணுக்கு என்று இருந்த பங்கீட்டை நாம் முன்னே சொன்னோம். வீட்டு வாசற்படி ஒன்றுதான் இடையே. ஆனால் அந்தப் படியைத் தாண்டிப் பந்தலுக்கு வந்து பாடிய பெண்கள் மிகச் சிலர். இசைவாணி அதைத் தாண்டினார். 2020-இல் பி.பி.சி. நிறுவனம் வெளியிட்ட 100 பெண்களின் வரிசையில் அவர் பெயரும் இடம்பெற்றது. ஆண்கள் பாடுவதுபோலப் பாடுவதற்கு அவர் முயலவில்லை. கானாவின் நகைப்பையும் ஒப்பாரியின் நீண்ட இழுப்பையும் அவர் ஒரே தொண்டையில் வைத்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

ஒலிப்பதிவுக் கூடம் என்றால் பெருநகரத்துச் செல்வர்களின் உடைமை என்று நினைத்துவிடக்கூடாது. நாம் தொடக்கத்தில் சொன்ன பூதிகோட்டையிலேயே ஒரு கூடம் அமைந்தது. தங்கவயலில் நூற்றிருபது ஆண்டுகள் ஓடிய சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. அதே 2001-இல், மைராடா, வாய்ஸஸ் என்னும் இரண்டு தொண்டு நிறுவனங்கள் யுனெஸ்கோவின் உதவியோடு பூதிகோட்டையில் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கின. ‘நம்ம த்வனி’ என்று அதற்குப் பெயர்; நம் குரல் என்று பொருள். சுயஉதவிக் குழுப் பெண்களும் ஊர் இளைஞர்களும் ஒலிவாங்கியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். விதை, உரம், குடிநீர், பிள்ளைகளின் படிப்பு ஆகியவை பற்றிய பேச்சும் ஊர்ப் பாட்டும் அங்கே பதிவாயின.

பதிந்துவிட்டார்கள், எப்படி ஒலிபரப்புவது? அங்கேதான் கதவு மூடியிருந்தது. வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் தொண்டு நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என்னும் அனுமதி 2006-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் பூதிகோட்டைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பதிந்ததை ஒலிநாடாவிலிட்டுக் கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். ஒலிபெருக்கி வைத்துக் கேட்கச் செய்தார்கள். பிறகு கம்பி வழியாக வீடுகளுக்கு அனுப்பினார்கள். வானத்துக்கு அனுமதி வேண்டும், கம்பிக்கு வேண்டாம் என்பது அவர்கள் கண்ட வழி. நாட்டு வானொலியின் நூலில் இதைச் சொல்வதில் நமக்குக் கூச்சம் இல்லை. கேட்கத்தக்க குரலைக் கேட்கச் செய்வதே வானொலியின் தொழில், அதை எவர் செய்தாலும் சரியே. சென்னைக் குழு தோன்றிய காலத்தில் நிலை மாறிவிட்டது. இணையத்தில் பாட்டை ஏற்றிவிட்டால் எவர் அனுமதியும் தேவையில்லை. பாட்டு தங்கவயலின் வரிசை வீட்டுக்கும் போகும், கனடாவுக்கும் போகும். கம்பியைத் தேடிய பூதிகோட்டைப் பெண்களுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இவ்வசதி வாய்த்திருந்தால் அவர்களுடைய பாட்டுகளில் எத்தனையோ இன்று நம் கைக்குக் கிட்டியிருக்கும்.

‘மகிழ்ச்சி’யில் பாடிய இளைஞர்கள் அதன்பின் தனித்தனி வழிகளிலும் சென்றார்கள். குழுவின் ராப் பாடகர்களில் ஒருவரான அறிவு, ஓஃப்ரோ என்னும் இசையமைப்பாளரோடு சேர்ந்து 2019-இல் ஒரு தொகுதியை வெளியிட்டார். 2021-இல் அவரும் தீயும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகெங்கும் பரவியது. அப்பாட்டின் அடியில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவர் பாட்டியாரின் வாழ்க்கை இருக்கிறது. அறிவின் ஊர் அரக்கோணம். பழைய வடஆர்க்காடு மாவட்டத்து ஊர் அது. அந்த மாவட்டத்திலிருந்து ஒரு சாரார் தங்கச் சுரங்கத்துக்குப் போனார்கள். மற்றொரு சாரார் கடல் கடந்து தோட்டங்களுக்குப் போனார்கள். போனவர்களின் கதை பேரப்பிள்ளைகளின் பாட்டாக இப்போது திரும்பி வருகிறது. தங்கவயலின் தொடக்க நாட்களைப் பின்னணியாக வைத்து பா. இரஞ்சித் எடுத்த ‘தங்கலான்’ படமும் 2024-இல் வெளிவந்தது.

அறிவும் ஓஃப்ரோவும் வெளியிட்ட 2019-ஆம் ஆண்டுத் தொகுதிக்குத் ‘தெருக்குறள்’ என்று பெயர். முதலில் கேட்கும்போது வெறும் சொல்விளையாட்டாகத் தோன்றும். ஆனால் அயோத்திதாசர் எழுதிவைத்த ஒரு செய்தியை இங்கே நினைவுகூரலாம். ஆங்கில அதிகாரி ஒருவரிடம் பணிபுரிந்த தம் பாட்டனார் கந்தப்பன் தம் வீட்டில் இருந்த திருக்குறள் ஏட்டைக் கொடுத்தார் என்றும், அது எல்லிஸ் துரையின் கைக்குச் சென்று அச்சேற வழியாயிற்று என்றும் அவர் எழுதியிருக்கிறார். 1812-இல் திருக்குறள் முதன்முதலாக அச்சில் வந்தது. சமையல் வேலை பார்த்தவரின் குடிசையில் குறள் ஏடு இருந்தது என்பதை ஏற்க மனமில்லாதவர்கள் அக்காலத்தில் இருந்தார்கள். தெருவில் குறள் உண்டு என்று இன்று ஓர் இளைஞர் தம் தொகுதிக்குப் பெயர் வைக்கும்போது, அவர் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

‘மகிழ்ச்சி’யை இதுவரை கேளாத நேயர்கள் இரண்டு முறை கேட்பது நலம். முதல் முறை சொற்களுக்காக. சில சொற்கள் உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம். இரண்டாம் முறை, காதில் பொருத்தும் கருவி கிடைத்தால் அதைப் பொருத்திக்கொண்டு, கிதாரை விட்டுவிட்டுச் சட்டியை மட்டும் பின்தொடருங்கள். சில இடங்களில் அது தொலைந்துபோகும். சற்றுப் பொறுத்தால், பின்பாட்டுத் தொடங்கும் இடத்தில் மறுபடியும் கேட்கும்.